ஸர் ஆர்தர் காட்டனும் நாட்டின் ஆக்கமும்

ஒரு நாடு செல்வத்திற் சிறப்பதற்கு வேண்டுவன யாவை என ஆராயப் புகுந்தார், விளைநிலம், மக்களின் உழைப்பு, முதற்பொருள் என்னும் மூன்றினையும் முதற்கண் எடுத்துக் கூறுவர். இம்மூன்றும் பொருந்தியிருந்தும் வறுமையின் நீங்காத நாடுகள் பலவற்றை உலக சரித்திரத்திற் காண்கின்றோம். பெருநதி ஒன்று கரைபுரண்டோடிக் கடலிற் கலக்க, அதன் இருகரையிலும் பயிர் வாடி மாண்ட காலம் உண்டு. ஓரூரில் நெல் மலிந்து விலைபோகாது கிடக்க, ஐம்பது மைலுக்கப்பால் மக்கள் பசியால் மடிந்த காலமும் உண்டு. நிலத்தையும் உழைப்பையும் ஒன்றுசேர்த்துப் பயன் விளைப்பன அணையும் வாய்க்காலும், சாலையும் பாலமும், இருப்புப்பாதையும் துறைமுகமுமேயாம். இவற்றை இக்காலத்துப் பொருளாதார நூலார் உட்கட்டமைப்பு என்பர். நம் முன்னோர் மராமத்து என்ற ஒரு சொல்லால் வழங்கினர்.

இவ்வுண்மையை நூலிற் கற்பதினும் ஒருவருடைய வாழ்க்கையிற் கற்றல் எளிது. ஆதலின், காவிரிக்கும் கோதாவரிக்கும் அணை கோலி, அவ்விரு நதிகளின் கழிமுகநாடுகளையும் நெற்களஞ்சியங்களாக நிலைபெறச் செய்த ஸர் ஆர்தர் காட்டன் என்னும் எஞ்சினீயரின் சரிதையை ஈண்டுச் சுருக்கமாக எழுத முற்பட்டோம். அவர் கண்ட வெற்றிகளோடு அவர் திட்டத்துக்கு நேர்ந்த தோல்வியையும் சேர்த்தே கூறுவோம். தோல்வியை மறைத்துக் கூறும் சரிதை கற்பார்க்குப் பாதியே பயன்படும்.

ஆர்தர் காட்டன் 1803-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் தேதி இங்கிலாந்து தேசத்திற் பிறந்தார். அவருடன் பிறந்த ஆண்மக்கள் பலர். அவருட் சிலர் படைத்துறையிலும், சிலர் கல்வித்துறையிலும், சிலர் எஞ்சினீயர் தொழிலிலும் பேர் பெற்றனர். ஆர்தர் தமது பதினைந்தாம் வயதில் அடிஸ்கோம் என்னுமிடத்துக் கிழக்கிந்தியக் கும்பினியார் நடாத்திய இராணுவக் கலாசாலையிற் சேர்ந்தார். 1819-ஆம் ஆண்டு சென்னை எஞ்சினீயர் படையில் உத்தியோகம் பெற்று, 1821-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

இளைஞராகிய அவருக்குக் கிடைத்த முதல் வேலைகளுள் ஒன்று, இராமேசுவரத்தை அடுத்த பாம்பன் கால்வாயை அளந்து ஆராய்வதாகும். கரையோரமாகச் செல்லும் மரக்கலங்கள் இலங்கையைச் சுற்றாமல் அவ்வழியே செல்ல இயலுமா என்பது அன்றைய வினா. வழி ஒன்று திறப்பின் வாணிகம் எவ்வளவு பெருகும் என்னும் எண்ணம் அவருள்ளத்தில் ஊன்றியது அக்காலத்தேயாகலாம் என்று நாம் கருதுகின்றோம். பின்னர் 1824 முதல் 1826 வரை நிகழ்ந்த முதற் பர்மியப் போரில் பணிசெய்து திரும்பினார். 1828-ஆம் ஆண்டில் கேப்டன் பதவி பெற்றுக் காவிரியின் நீர்ப்பாசன நிலையை ஆராயும் பொறுப்பை ஏற்றார். அப்பொறுப்பே அவருடைய வாழ்நாட்பணியை வகுத்தது.

காவிரியின் அக்கால நிலையை இங்குச் சிறிது விளக்குதல் வேண்டும். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னுமிடத்தில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. வடகிளை கொள்ளிடம், தென்கிளை காவிரி. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து நேரே கடல்நோக்கிச் செல்வது. காவிரியின் படுகையோ மேடானது. ஆகவே வெள்ளம் எளிய வழியை நாடிக் கொள்ளிடத்தில் மிகுதியாகப் பாய்ந்தது. காவிரியின் முகத்தில் ஆண்டுதோறும் மணல் படிந்து அதன் படுகை மேலும் உயர்ந்தது. தஞ்சை நாட்டுக் கழனிகளுக்குச் செல்லவேண்டிய நீர் வீணே கடலிற் கலந்தது. 1804-ஆம் ஆண்டிலேயே கேப்டன் கால்டுவெல் என்பார் இதனை ஆராய்ந்து, கல்லணையை உயர்த்துதல் முதலிய வழிகளைக் கையாண்டார். ஆயினும் நோய் முற்றும் நீங்கவில்லை. ஆண்டுதோறும் மணலை வாருவதற்குப் பெரும்பொருள் செலவாயிற்று. அடுத்த வெள்ளத்தில் வாரிய இடம் மீண்டும் தூர்ந்தது.

காட்டன் கல்லணையை நுணுகி ஆராய்ந்தார். சோழன் கரிகாலன் பெயரோடு வழங்கும் அவ்வணை மணற்படுகையின்மேல் எழுந்தது. பாறையை எட்டாத ஆழ்ந்த மணலில், பல நூற்றாண்டுகளின் வெள்ளத்தைத் தாங்கி அது நின்ற விதம் அவருக்குப் பெருவியப்பைத் தந்தது. பண்டைத் தச்சர்கள் பெருங்கற்களை மணலில் இட்டனர். நீரோட்டம் அடியிலுள்ள மணலை அரிக்க அரிக்க அக்கற்கள் கீழே அமிழ்ந்தன. அமிழ்ந்தவற்றின்மேல் மேலும் கற்களை அடுக்கினர். கற்களுக்கிடையே களிமண்ணே இருந்தது. மேற்புறத்தே சுண்ணச்சாந்து பூசப்பெற்றிருந்தது. இவ்வாறு ஆற்றின் இயல்பையே துணையாகக் கொண்டு அடித்தளம் அமைத்த நுட்பத்தை, மேனாட்டார் தமக்குக் கற்பிக்கவில்லையென்றும் இந்நாட்டாரிடமிருந்தே தாம் அதனைக் கற்றதாகவும் காட்டன் வெளிப்படையாக எழுதியுள்ளார். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர், ஆளப்படுவாருடைய முன்னோரைத் தம் ஆசிரியராக ஒப்புக்கொள்ளுதல் அக்காலத்தில் அரிதினும் அரிது.

கற்ற பாடத்தை அவர் விரைவிற் செயற்படுத்தினார். 1836-ஆம் ஆண்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் முகத்தில் மேலணை கட்டப்பெற்றது. அவ்வணை வேண்டுமளவு நீரைக் காவிரிக்குத் திருப்பி, மிகுந்த வெள்ளத்தை மட்டும் கொள்ளிடத்திற் செல்லவிட்டது. அக்காலத்தேயே ஆற்றின் கீழ்ப்பகுதியில் அணைக்கரை என்னுமிடத்தில் கீழணையும் எழுந்தது. மேலே தப்பி வந்த கொள்ளிடத்து நீரை அது தடுத்துத் தென்னார்க்காட்டு ஜில்லாவுக்கும் தஞ்சையின் வடபகுதிக்கும் பகிர்ந்தளித்தது. கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே செல்லும் நீர் வீராணம் ஏரியை நிரப்புகின்றது. அவ்வேரியிலிருந்து 2004-ஆம் ஆண்டு முதல் சென்னை நகரத்துக்குக் குடிநீர் செல்லுகின்றது. பயிருக்கென்று கட்டிய அணை, நூற்றறுபது ஆண்டுகளுக்குமேற் கழிந்து, கட்டியவர் கனவிலும் எண்ணாத ஒரு மாநகரின் தாகத்தைத் தணித்தது. நற்பணி ஒன்று தன் நோக்கத்துக்கு அப்பாலும் பயன் தரும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மேலணை கட்டிய சில ஆண்டுகளில் எதிர்பாராத விளைவு ஒன்றும் தோன்றிற்று. முன்பு நீரின்றி வருந்திய காவிரி, இப்போது அளவுக்கு மிஞ்சிய நீரைப் பெறலாயிற்று. அதன் முகம் அரிக்கப்பட்டு ஆழ்ந்தது. ஆகவே காவிரியின் தலைப்பிலும் குறுக்கே ஒரு தளச்சுவர் இட்டு அதன் படுகையை நிலைப்படுத்த நேர்ந்தது. ஆற்றின் ஒரு பக்கத்தில் கைவைத்தவன் மறுபக்கத்தையும் காக்கக் கடமைப்பட்டவன் என்னும் பாடத்தை எஞ்சினீயர்கள் அப்போது கற்றனர்.

இக்காலத்தேயே காட்டனுடைய கருத்து போக்குவரத்திலும் சென்றது. சென்னைச் சாலைகளுக்கு வேண்டிய கல்லைச் செங்குன்றத்திலிருந்து கொணர்வதற்கு 1837-ஆம் ஆண்டளவில் ஓர் இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. இந்தியாவில் அமைந்த முதல் இருப்புப்பாதை அதுவேயென்பர். அதன் அமைப்பில் காட்டன் முதன்மையான பங்கு கொண்டார். பம்பாயிலிருந்து தாணாவுக்குப் பிரயாணிகள் வண்டி ஓடத் தொடங்கியது 1853-ஆம் ஆண்டிலேதான். பிற்காலத்தில் இருப்புப்பாதைக்குப் பகைவர் என்று பலரால் தூற்றப்பட்ட ஒருவரே, இந்நாட்டில் முதன்முதல் தண்டவாளம் இட்டவருள் ஒருவராய் இருந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

பின்னர் உடல்நலங் குன்றி அவர் ஆஸ்திரேலியாவின் பக்கத்திலுள்ள தாஸ்மேனியாவுக்குச் சென்றார். 1841-ஆம் ஆண்டு எலிசபெத் லியர்மந்த் என்னும் அம்மையாரை மணந்தார். மீண்டும் இந்நாட்டுக்கு வந்தபோது அவரைக் கோதாவரி எதிர்நோக்கியிருந்தது.

கோதாவரி நாட்டின் அந்நாளைய துயரை எண்ணுந்தோறும் நெஞ்சம் நடுங்குகின்றது. 1832, 1833-ஆம் ஆண்டுகளில் தெலுங்கு நாட்டுக் கரையோர ஜில்லாக்களைக் கொடும்பஞ்சம் வாட்டியது. குண்டூர்ப் பகுதியில் ஐந்து இலட்சம் மக்களுள் ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் மாண்டனர் என்று அக்காலத்தார் மதிப்பிட்டனர். 1839-ஆம் ஆண்டு நவம்பரில் பெரும்புயலால் கடல் பொங்கி எழுந்து கோரங்கித் துறையையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் அழித்தது. இராஜமகேந்திரி ஜில்லாவில் 1821-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 7,38,000 ஆக இருந்த மக்கட்டொகை, 1841-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 5,61,000 ஆகக் குறைந்தது. இருபதாண்டுகளில் நால்வரில் ஒருவர் அருகினர் என்க. மாண்டவர் பலர், ஊரைவிட்டு ஓடியவரும் பலர். இவையெல்லாம் இந்தியாவின் பெருநதிகளுள் ஒன்று நடுவே பாயும் நாட்டில் நிகழ்ந்தன என்பதே கொடுமையிற் கொடுமை.

இவ்வீழ்ச்சிக்குக் காரணம் யாதென ஆராய ஸர் ஹென்றி மண்ட்கோமரி என்பாரைச் சர்க்கார் நியமித்தனர். அவர் 1844-ஆம் ஆண்டில், நீர்ப்பாசனத்தைச் சீர்திருத்துதல் ஒன்றே அந்நாட்டைக் காக்கும் வழியென்றும், அதற்குத் தேர்ந்த எஞ்சினீயர் ஒருவரை அமர்த்துதல் வேண்டுமென்றும் தெரிவித்தார். அப்பணிக்குக் காட்டன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் அந்நாடெங்கும் சுற்றி அளந்து, தவளேசுவரம் என்னுமிடத்தில் கோதாவரியைக் குறுக்கே மறித்து அணை கட்டலாம் என்று முடிவு செய்தார். அங்கே ஆறு தீவுகளோடு சேர்ந்து நான்கு மைல் அகலம் உடையது. தீவுகள் ஆற்றை நான்கு கிளைகளாகப் பிரிப்பதால், ஒரே அணையாகக் கட்டாமல் தவளேசுவரம், ராலி, மத்தூரு, விஜ்ஜேசுவரம் என்னும் நான்கு துண்டுகளாகக் கட்டுதல் இயலும். நான்கினையும் கூட்டினால் நீளம் இரண்டேகால் மைல், உயரம் பன்னிரண்டடி.

வேலை 1847-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அடியிற் பாறையில்லாத மணலே அங்கும் இருந்தது; கல்லணையிற் கற்ற பாடம் அங்கே துணைநின்றது. தவளேசுவரத்துக் குன்றைப் பிளந்து எடுத்த கற்களைத் தண்டவாளத்தின்மேல் வண்டிகளில் ஏற்றி ஆற்றுக்குக் கொணர்ந்தனர். ஆயிரக்கணக்கான கூலியாட்களும், கொத்தரும், தச்சரும், கொல்லரும் அங்குக் கூடினர். ஆற்றில் நீர் வற்றிய சில மாதங்களுக்குள் செய்யவேண்டியவற்றைச் செய்து முடித்தாலன்றி, அடுத்த வெள்ளம் அரைகுறை வேலையை வாரிக்கொண்டு போய்விடும். கடும்வெயிலிற் பணிசெய்த காட்டன் நோயுற்று விடுமுறையிற் செல்ல நேர்ந்தபோது, கேப்டன் ஆர் என்பார் பொறுப்பேற்று வேலையை நடத்தினார். இந்நாட்டவராகிய வீணம் வீரண்ணா என்பார் ஆட்களைத் திரட்டுவதிலும் வேலையை மேற்பார்ப்பதிலும் காட்டனுக்கு வலக்கை போன்றிருந்தார்; பின்னர் ராய்பகதூர் பட்டமும் பெற்றார். பெரும்பணிகளைப் பேசுமிடத்துத் தலைவர் ஒருவர் பெயரையே கூறிப் பிறரை மறத்தல் உலக வழக்கம். அணையில் அடுக்கிய ஒவ்வொரு கல்லையும் தூக்கியது பெயர் எழுதப்படாத ஏழை ஒருவனுடைய தோளே என்பதை நாம் மறவாதிருப்போமாக.

1852-ஆம் ஆண்டில் அணை முடிவுற்றது. அணை மட்டும் பயிரை விளைக்காது. நீரை வயலுக்குக் கொண்டுசெல்லும் வாய்க்கால்கள் வேண்டும். கோதாவரிக் கிளையொன்றின்மேல் கன்னவரத்தில் நாற்பத்தொன்பது வளைவுகளையுடைய நீர்ப்பாலம் கட்டி, ஆற்றுக்கு மேலே வாய்க்காலை நடத்தி, நடுவிலிருந்த கோனசீமைத் தீவுக்கு நீர் தந்தனர். வாய்க்கால்களில் படகு செல்லுமாறு ஆழமும், நீர்மட்டம் மாறுமிடங்களில் படகை ஏற்றி இறக்கும் பூட்டுக்கதவுகளும் அமைத்தனர். ஆகவே ஒரே வாய்க்கால் பயிருக்கு நீரும், விளைந்த நெல்லுக்கு வழியுமாயிற்று. காட்டனுடைய கொள்கையின் சாரம் இதுவேயெனலாம். விளைவித்தலும் விற்றலும் ஒருங்கே எளிதானாலன்றிக் குடியானவன் கையிற் பொருள் தங்காது என்பது அவர் கண்ட உண்மை.

இப்பணி நடந்த காலமெல்லாம் பணத்துக்காக அவர் மேலிடத்தாரோடு போராடினார். அணைக்குப் பொருள் தந்தவர்கள் வாய்க்காலுக்குத் தரத் தயங்கினர். வாய்க்காலுக்குத் தந்தவர்கள் கிளைக்கால்களுக்குத் தரத் தயங்கினர். வீட்டைக் கட்டி வாயிலை வைக்காமல் விடுவதுபோன்றது இச்செயல். காலம் தாழ்த்தியாயினும் வேலை நிறைவேறியபின் ஏறக்குறையப் பத்து இலட்சம் ஏக்கர் நிலம் கோதாவரி நீரைப் பெற்றது. பஞ்சத்துக்குப் பேர்போன நாடு பஞ்சகாலத்திற் பிறருக்கு நெல் அனுப்பும் நாடாயிற்று. மக்கட்டொகை பெருகியது, சர்க்காருக்கு வந்த நிலவரியும் பெருகியது. காட்டனுடைய தூண்டுதலால் கிருஷ்ணா நதிக்கும் பெஜவாடாவில் 1852-ஆம் ஆண்டு அணை வேலை தொடங்கி, கேப்டன் ஆர் மேற்பார்வையில் 1855-ஆம் ஆண்டில் முடிவுற்றது.

இவ்வனுபவத்தைக்கொண்டு காட்டன் 1854-ஆம் ஆண்டில் இந்தியாவின் பொதுமராமத்து வேலைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். முன்னைய அரசர் வெட்டிய ஏரிகளும் கால்களும் தூர்ந்து கிடக்க, வரிவாங்குவதில் மட்டும் கண்ணாயிருந்த கும்பினியாரை அவர் அஞ்சாது கடிந்தார். சாலையும் நீர்வழியும் இல்லாத நாட்டில் சரக்கின் விலையை வண்டிச்சத்தமே விழுங்கிவிடும் என்றும், மராமத்துக்குச் செலவிடும் பொருள் வீண்செலவன்று, விதைநெல் போன்றது என்றும் அவர் வாதித்தார். ஏரிகளையும் கால்களையும் குடிமராமத்தால் ஊரார் கூடிப் பேணிய வழக்கம் இந்நாட்டில் தொன்றுதொட்டு இருந்தது. பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் நீர்நிலை பெருக்குமாறு அறிவுறுத்திய செய்தியைத் தமிழ் மாணவர் அறிவர். ஆகவே காட்டன் கூறியது நமக்குப் புதிதன்று, மறந்ததை நினைவூட்டியதேயாகும்.

1860-ஆம் ஆண்டில் அவர் இந்தியப் பணியினின்றும் நீங்கித் தாயகஞ் சென்றார். 1861-ஆம் ஆண்டில் அவருக்கு ஸர் பட்டம் வழங்கப்பட்டது. அதன்பின் முப்பத்தெட்டு ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். அக்காலமெல்லாம் அவர் செய்தது பேனாப்போர் எனலாம். அப்போது இந்தியாவில் இருப்புப்பாதைக் கம்பெனிகளுக்குச் சர்க்கார் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு உறுதி கூறியிருந்தனர். இலாபம் வராவிடினும் இந்தியக் குடிகளின் வரிப்பணத்திலிருந்து அவ்வட்டி கொடுக்கப்பட்டது. நீர்ப்பாசனத்துக்குச் செலவிட்டதைப்போலப் பல மடங்கு பொருள் இருப்புப்பாதைக்குச் சென்றது. இம்முறையைக் காட்டன் வன்மையாக எதிர்த்தார். பாரமான சரக்கைக் குறைந்த கூலியில் கொண்டுசெல்லக் கால்வாயே ஏற்றதென்றும், இருப்புப்பாதை உணவைச் சுமக்குமேயன்றி விளைவிக்காதென்றும் அவர் சொன்னார்.

இவ்வாதத்துக்கு இரண்டு பெருஞ்சோதனைகள் வந்தன. முதலாவது, கர்நூல் - கடப்பைக் கால்வாய். துங்கபத்திரை நீரைச் சுங்கேசுலாவில் மறித்து, ஏறக்குறைய 190 மைல் நீளமுள்ள கால்வாயின் வழியே வறண்ட ஜில்லாக்களுக்குக் கொண்டுசெல்லுதல் அவருடைய எண்ணம். அதற்கென்று சென்னை நீர்ப்பாசனக் கம்பெனி ஒன்று இலண்டனிற் கூடிற்று; இதற்கும் சர்க்கார் வட்டியுறுதி தந்தனர். செலவு மதிப்பீட்டைக் கடந்து ஏறிற்று. கால்வாய் முடிந்தபின்னும் குடியானவர் நீரை விரும்பி வாங்கவில்லை. அவர்களுடைய கரிசல் நிலம், நடுத்தர மழையிலேயே சோளமும் பருத்தியும் விளைவது. நீர்த்தீர்வை கொடுத்து நெல் பயிரிட அவர்களுக்கு வழக்கமும் இல்லை, முதலும் இல்லை. கம்பெனி நொடித்தது. 1882-ஆம் ஆண்டில் சர்க்கார் அதனை விலைக்கு வாங்கினர். காவிரியிலும் கோதாவரியிலும் உள்ள கழிமுக வண்டலுக்கு ஏற்ற முறை, மேட்டுநாட்டுக் கரிசலுக்கு அப்படியே பொருந்தாது என்பதைக் காட்டன் போதிய அளவு எண்ணவில்லை. கட்டுமானம் ஒன்றை எழுப்பிவிட்டால் ஆக்கம் தானே வந்தெய்தும் என்று நம்புவார்க்கு இதுவே எச்சரிக்கை. மண்ணின் தன்மையும், குடியானவன் பழக்கமும், அவன் கைம்முதலும், சந்தையும் ஒத்துவந்தாலன்றி அணை நீர் வாய்க்காலிலேயே நின்றுவிடும்.

இரண்டாவது சோதனை, 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சம். அதில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இருப்புப்பாதைகள் அப்போது இருந்தன. தானியமும் அவற்றின்வழி வந்தது. ஆயினும் வேலையும் கூலியும் இழந்த ஏழைகளிடம் அதனை வாங்கக் காசில்லை. பாதைக்கு எட்டாத ஊர்களில் மாடுகள் மாண்டமையால் வண்டிகளும் ஓடவில்லை. அவ்வாண்டுகளிற் கோதாவரி, கிருஷ்ணா, காவிரிக் கழிமுகங்களோ பயிர்செய்து நின்றன. காட்டன் மீண்டும் தம் வாதத்தை எழுப்பினார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அவர் பக்கம் நின்று நீர்ப்பாசனத்துக்காக எழுதினார். 1878-ஆம் ஆண்டில் பார்லிமெண்டின் பொதுச்சபை லார்டு ஜார்ஜ் ஹாமில்டன் தலைமையில் ஒரு குழுவை அமைத்துக் காட்டனை வினவியது. எழுபத்தைந்து வயதான அவர் அக்குழுவின்முன் நின்று நெடுநேரம் விடையளித்தார். கர்நூல் கால்வாயின் நஷ்டத்தைக் காட்டி அவருடைய திட்டங்களைக் குழுவினர் ஏற்க மறுத்தனர்.

இவ்வழக்கில் தீர்ப்பு எவர் பக்கம்? இருப்புப்பாதை உணவை விளைவிக்காது என்று காட்டன் கூறியது மெய். ஆயினும் நீர்வழி செல்லாத மேட்டுநாடுகளில் பஞ்சகாலத்து உணவை விரைந்து கொண்டுசெல்ல அதனையன்றி வேறு வழியில்லை. 1880-ஆம் ஆண்டுப் பஞ்சக் கமிஷனார் பாதை, பாசனம் இரண்டினையும் வற்புறுத்தினர். 1903-ஆம் ஆண்டில் நீர்ப்பாசனக் கமிஷனார், பாசன வேலைகளை மேலும் விரிக்கவேண்டுமென்று அறிவித்தனர். உடனே வட்டி தராவிடினும், பஞ்சத்தினின்றும் காக்கும் வேலைகளைச் சர்க்கார் செய்தல் வேண்டும் என்னும் கொள்கை மெல்ல மெல்ல நிலைபெற்றது. காவிரிக்கு மேட்டூர் அணை 1934-ஆம் ஆண்டில் எழுந்தது. துங்கபத்திரையில் பெருந்தேக்கம் வேண்டுமென்று காட்டன் 1860-ஆம் ஆண்டளவில் எண்ணிய எண்ணம், நாடு விடுதலை பெற்றபின் 1953-ஆம் ஆண்டில் உருப்பெற்றது. நகைப்புக்கிடமாயிருந்த கர்நூல் - கடப்பைக் கால்வாயும் பின்னர்ச் சீர்திருத்தப்பெற்றுப் பாசனத்துக்கு உதவுகின்றது. ஒரு தலைமுறையின் கணக்கேட்டில் நஷ்டமென்று எழுதப்பட்டது, மற்றொரு தலைமுறைக்கு இலாபமாதலும் உண்டு.

காட்டனுடைய சொந்த வாழ்க்கை எளிமையானது. அவர் ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர். ஆண்டவன் தந்த நீரை வீணே விடுதல் பாவமென்றும், பசித்தார்க்கு உணவு வழங்க வழிசெய்தல் வழிபாட்டின் ஒரு பகுதியென்றும் கருதி உழைத்தார் என்பதை அவர் சரிதையை அறிந்தோர் உணர்வர். முதுமையில் இங்கிலாந்தில் டார்க்கிங் என்னுமூரில் வாழ்ந்தார். அங்கும் சும்மா இருந்தாரல்லர். தம் தோட்டத்து நிலத்தை ஆழக் கிளறிக் கோதுமை பயிரிட்டு, சிறு நிலத்தில் மிகுந்த விளைவு காணும் வழிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1899-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் தேதி, தமது தொண்ணூற்றாறாம் வயதில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவருடைய மகளார் லேடி ஹோப் அம்மையார் அடுத்த ஆண்டில் அவருடைய சரிதையை நூலாக வெளியிட்டார்.

தவளேசுவரத்துப் பழைய அணை நூற்றிருபது ஆண்டுகளுக்குமேல் உழைத்துத் தளர்ந்தது. 1970-ஆம் ஆண்டில் அதன் அருகே புதிய கதவணை கட்டத் தொடங்கி, 1982-ஆம் ஆண்டில் முடித்து, அதற்கு ஸர் ஆர்தர் காட்டன் பெயரையே சூட்டினர். கோதாவரிக் கரை ஊர்களில் அவருக்குச் சிலைகள் உள்ளன. அவர் பிறந்தநாளில் குடியானவர் மாலையிட்டு வணங்குகின்றனர். அயலாட்சியின் உத்தியோகஸ்தர் ஒருவருக்கு, அவ்வாட்சி நீங்கிப் பல்லாண்டுகளுக்குப் பின்னும் மக்கள் தாமே மனமுவந்து செய்யும் இச்சிறப்பு எளிதிற் கிட்டுவதன்று. அவர் பணிபுரிந்த ஆட்சி வரியின் பெருக்கத்தையும் நோக்கியே பணம் தந்தது என்பதை நாம் மறைக்கவேண்டுவதில்லை. நீர் பாய்ந்த நாட்டில் நிலமுடையார் செழிக்க, நிலமற்ற கூலியாட்கள் அச்செழிப்பில் ஒப்பப் பங்கு பெறவில்லை என்பதும் உண்மையே. அணை செல்வத்தைப் பெருக்கும். அதனைப் பகுத்துக்கொடுக்கும் பொறுப்பு அணைக்குரியதன்று, மக்களுக்கும் அரசுக்கும் உரியது.

இன்னொன்று கூறி முடிப்போம். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது, முக்கொம்பு மேலணையின் மதகுகள் சில இடிந்து வீழ்ந்தன. நூற்றெண்பது ஆண்டு உழைத்த அணைக்கு முதுமை வந்தது இயல்பே. ஆயினும் பல ஆயிரம் ஏக்கர் பயிர் எதனை நம்பி நிற்கின்றதென்பதை, அது வீழ்ந்த அன்றுதான் நம்மவர் பலர் நினைத்தனர். மணல்மூட்டைகளையும் பாறைகளையும் இட்டு அவசரமாக அடைத்துப் பின்னர்ப் புதிய கதவணையை அருகே கட்டினர். கட்டுவது ஒருநாளைப் பெருமை. காப்பது அன்றாடக் கடமை. திறப்புவிழாவுக்கு மாலையும் மேளமும் உண்டு. மதகுக்கு எண்ணெயிடுவோனுக்கு அவையில்லை. எனினும் நாட்டின் ஆக்கம் பின்னவனையே பெரிதும் நம்பியிருக்கின்றது.

மாணவ நண்பர்காள்! உங்களுட் சிலர் எஞ்சினீயர்களாவீர், சிலர் அரசாங்க உத்தியோகத்தை ஏற்பீர், சிலர் ஆசிரியராவீர், பலர் ஊர்மன்றங்களில் வாக்களிப்பீர். உங்கள்முன் வரும் திட்டம் எதுவாயினும், அது எவருடைய வயலுக்கு நீர் தருகின்றது, எவருடைய சரக்குக்கு வழி தருகின்றது, யார் அதனைக் காப்பார் என்னும் மூன்று வினாக்களை எழுப்புமின். மணலிற் கல்லிட்டவர் பாடத்தைப் பணிவோடு கற்ற காட்டனைப்போல, நமக்கு முன்னிருந்தாரிடமும் நம்மினும் எளியாரிடமும் கற்க நாணாதிருப்போமாயின், நம் கைப்பட்ட பணிகளும் நமக்குப்பின் வருவார்க்குப் பயன்படும்.